கம்பெனி பில்டரும் ஷெட்டு பில்டரும்

யுத்த காலத்தில் நான் பட்டாபிராமில் ஒரு ராணுவ ஒர்க் ஷாப்பில் பிட்டராக இருந்தேன். நாங்கள் பழுது பார்த்தவை படகு இஞ்சின்கள். கடலே கண்ணில் படாத ஊரில் படகு இஞ்சினுக்கு என்ன வேலை என்று எங்கள் வீட்டில்கூடக் கேட்டார்கள். துறைமுகத்தில் எந்த நேரமும் குண்டு விழலாம் என்ற பயத்தில் பட்டணம் பாதி காலியாகிக் கிடந்த சமயம் அது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பழுது பார்க்கும் கொட்டகையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து, பட்டாபிராமில் கூட்ஸ் வண்டி நிற்கும் சைடிங் பக்கத்தில் தகரக் கூரை போட்டு நிறுத்திவிட்டார்கள். இஞ்சின்கள் கூட்ஸ் வண்டியில் வரும். உப்பும் துருவும் பிடித்து வருபவற்றை நாங்கள் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி வண்டியில் ஏற்றி அனுப்புவோம். அவை எந்தப் படகில் ஏறி எந்தக் கடலில் போகின்றன என்பதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

எனக்கு வீடு மேனாம்பேட்டில். ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். நான் மட்டும் சேற்றில் கால் வைக்கப் பிடிக்காமல் பூந்தமல்லியில் ஒரு ரைஸ் மில்லில் ஆயில் இஞ்சின் ஓட்டப் போனேன். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் ராணுவத்தில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் அம்பத்தூரில் ரயிலேறினால் பட்டாபிராமில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி நடந்தால் ஷெட்டு வந்துவிடும்.

பிரித்துக் கோத்த இஞ்சினை இரும்புப் பலகைமேல் பூட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. இஞ்சினுக்குள் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்போது கரியும் இரும்புத் தூளும் அதில் கலக்கும். அந்த அழுக்கைப் பிடித்து நிறுத்துவது ஆயில் பில்டர். பில்டர் அடைத்துக்கொண்டால் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு திறந்து, அழுக்கு எண்ணெயை அப்படியே உள்ளே விட்டுவிடும். அப்புறம் பேரிங் உருகி, இஞ்சின் இறுகி நின்றுவிடும். லாரியாக இருந்தால் ஓரம் கட்டிவிட்டு நடந்து போகலாம். படகுக்கு ஓரம் ஏது.

முதலில் பில்டர்கள் சீமையில் இஞ்சின் செய்த கம்பெனியிடமிருந்தே வந்தன. பச்சைத் தகர டப்பாவில், மெழுகுத் தாள் சுற்றி, பிரித்தால் புதுச் செருப்பு வாசனை அடிக்கும். கெட்டிக் கம்பளியை விசிறி மாதிரி மடித்து மடித்துக் கம்பிக் கூட்டின்மேல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. யுத்தம் முற்றியதும் கப்பல்கள் ஒழுங்காக வரவில்லை. டப்பாக்கள் தீர்ந்தன. இஞ்சின்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. எங்கள் அதிகாரி துரை, வேறு வழியில்லாமல் ஷெட்டிலேயே பில்டர் செய்ய ஏற்பாடு செய்தார். கிழிந்த பட்டாளத்துக் கம்பளிகளைத் துவைத்து வெட்டி, கம்பி வலையில் சுற்றித் தைப்பதற்காக அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரை வேலைக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு எங்கள் ஷெட்டை ஒட்டி ஒரு தனிக் கொட்டகை. அன்று முதல் சீமையிலிருந்து வந்தது 'கம்பெனி பில்டர்', இங்கே தைத்தது 'ஷெட்டு பில்டர்' என்று எங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டோம்.

அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மற்றவர்கள் தையல் மிஷினில் பக்கங்களை அடிப்பார்கள். கடைசியில் பில்டரின் வாயை இரும்பு வளையத்தோடு சேர்த்து மூடுவதற்கு மிஷின் உதவாது. வளைந்த ஊசியும் மெழுகு தடவிய நூலும் வைத்துக் கையால்தான் தைக்க வேண்டும். அதை அவள் செய்தாள். நூலை மெழுகுக் கட்டியில் இழுத்துவிட்டு, ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, பில்டரை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திச் சுற்றிப் பார்ப்பாள். பிறகுதான் முதல் குத்து. தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த சேரியிலிருந்து நடந்து வருவாள். அவர்கள் வீட்டில் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். எங்கள் வீட்டைப் போன்றவர்களின் நிலம் என்று சொல்ல வேண்டும்.

பில்டர் வேண்டுமென்றால் கூலியாள் போய் வாங்கி வருவதுதான் வழக்கம். சில வாரங்களில் நானே போக ஆரம்பித்தேன். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"பிட்டரே, இத்த இஞ்சினுல எங்க வெக்கிறீங்க?"

நான் ஒரு பழைய பில்டர் கூட்டைக் கொண்டுவந்து காட்டினேன். எண்ணெய் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வருகிறது என்று விரலால் கோடு போட்டுச் சொன்னேன்.

அவள் யோசித்துவிட்டு, "எங்க மாமன் கள்ளு வடிகட்ற துணி மாதிரின்னு சொல்லுங்க" என்றாள்.

"அதே தான்."

"அவுரு அந்தத் துணியத் தொவைக்கிறதே இல்ல. அவுருகிட்ட வாங்கிக் குடிச்சவன்லாம் வவுத்தப் புடிச்சிகினு கீறான்."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் நூலை இழுத்தாள். எனக்கு அன்று இஞ்சின் பக்கம் திரும்பிப் போகவே மனம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வளையம் சரியாக உட்காரவில்லை, நூல் கெட்டியாக வேண்டும், இப்படி. அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எல்லோர் முன்னாலும் நடக்கும் பேச்சு அது. அதற்கு மேல் ஒரு வார்த்தை போகாது. என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். நிலத்துக்காரர் வீட்டு ஆளிடம் பேசுகிற அந்த ஜாக்கிரதை அவள் குரலில் எப்போதும் இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கும்.

அவளுக்கு ஒரு தம்பி. அவனும் பட்டாளத்தில் சேர்ந்து, படகு இஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆயில்காரனாகப் போயிருந்தான். அவன் போன திசை பர்மாப் பக்கம் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

"கடலு எப்பிடி இருக்கும் பிட்டரே?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள். காலை முழுக்கப் படகுக்காகத் தைக்கிறவள், ரயிலில் போனால் சாப்பாட்டு நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கடலைப் பார்த்ததே இல்லை.

"அம்பத்தூர் ஏரி ரொம்பி நிக்கிற மாதிரின்னு வெச்சுக்க. ஆனா அக்கரை இருக்காது."

"அக்கர இல்லன்னா அப்பால இன்னா கீது?"

"நேரா போனா பர்மா."

அவள் ஊசியை நிறுத்தினாள். "அப்ப அக்கர கீது. நமக்குத்தான் தெரில" என்றாள்.

அவளைக் கடற்கரைக்கு அழைத்துப்போக வேண்டும் என்ற ஆசை எனக்குள் அன்றுதான் விழுந்தது. சென்ட்ரலில் இறங்கி, நடந்து, மணலில் அவள் செருப்பில்லாத காலை வைக்கும் இடம் வரைக்கும் மனதுக்குள் பல தடவை போயிருக்கிறேன். அப்போது கடற்கரையில் முள்கம்பி போட்டு யாரையும் விடவில்லை. விட்டிருந்தாலும் நான் அவளோடு ஒரே ரயில் பெட்டியில் ஏறியிருக்க முடியாது. அம்பத்தூரில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் அப்பாவைத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் சைடிங்கில் வந்து நின்ற வண்டியில் மரப்பெட்டிகள் இறங்கின. உள்ளே பச்சை டப்பாக்கள். எப்படியோ ஒரு கப்பல் வந்து சேர்ந்திருந்தது. ரொம்ப இல்லை, ஆனால் இனிமேல் தொடர்ந்து வரும் என்றார்கள். துரை எங்கள் மேஸ்திரியையும் என்னையும் கூப்பிட்டார். ஒரே மாதிரி இரண்டு இஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி, ஒன்றில் கம்பெனி பில்டர், ஒன்றில் ஷெட்டு பில்டர் போட்டு, நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் பிரஷரைக் குறித்த நேரத்துக்கு ஒரு தரம் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஷெட்டு பில்டர் ஈடு கொடுத்தால் தையல் கொட்டகை தொடரும். இல்லாவிட்டால் கம்பெனி சரக்கையே நம்புவது என்று முடிவு செய்திருந்தார். துரை நியாயமான ஆள். இதில் அவருக்கு எந்தப் பக்கமும் விருப்பு வெறுப்பு இல்லை. அவர் அனுப்பும் இஞ்சின்மேல் ஆட்கள் உட்கார்ந்து போகிறார்கள் என்பதுதான் அவருக்குக் கணக்கு.

பரீட்சைக்கான பில்டரைக் கேட்டு வாங்க நான் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது. பெண்கள் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடுக்கியிருந்ததிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லதா வேற ஒண்ணு தேடிப் பாத்துக் குடுக்கலாமான்னு நென்ச்சேன். வேணாம். எல்லாம் போற மாதிரியே இதுவும் போவட்டும்" என்றாள்.

இரண்டு இஞ்சின்களும் சேர்ந்து ஓடத் தொடங்கியபோது தகரக் கூரையே அதிர்ந்தது. ஆரம்பத்தில் ஷெட்டு பில்டர் பக்கத்துப் பிரஷர்தான் மேலே நின்றது. கம்பளியின் நெசவு தளர்வு, எண்ணெய் தாராளமாகப் போயிற்று. கம்பெனி பில்டர் அதைவிடக் கொஞ்சம் கீழே, ஆனால் வைத்த இடத்திலேயே நின்றது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கொட்டகையைத் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே சீட்டி அடித்துக்கொண்டு போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பாதியில் ஷெட்டு பில்டர் பக்கத்துப் பிரஷர் மீட்டரில் முள் இறங்க ஆரம்பித்தது. முதலில் நம்பவில்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன். முள் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழுமாக ஆடியது. அடைப்பு ஏறும்போது அப்படித்தான் ஆடும்.

மேஸ்திரி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வானகரத்துக்காரர், பேச்சில் என்றைக்கும் குரல் உயராதவர். அவருடைய அக்காள் மகள் தையல் கொட்டகையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், அந்த வேலையில்தான் குடும்பம்.

"முள்ளு ஆடிகினே கீது, நைனா" என்றார்.

"ஆமா."

"மேல போவசொல்ல படிச்சா ஒண்ணு. கீழ வரசொல்ல படிச்சா ஒண்ணு. ரெண்டும் முள்ளு காட்டுனதுதான். நீயா ஒண்ணும் சேத்து எழுதப் போறதில்ல."

நான் மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்தேன்.

"மேல போவசொல்ல படி. அவ்ளோதான் நான் சொல்றது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். மேலே ஏறும்போது படித்தால் கொட்டகை இருக்கும். நாளைக்கும் அதற்கடுத்த நாளும் அவள் ஊசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைவிட வேறு எதையும் நான் அந்த நாட்களில் விரும்பவில்லை. அந்த நேரத்துக் கட்டத்தை எழுதாமல் காலியாக விட்டுவிட்டு, துணையாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பாட்டு வேளை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவள் தூக்குப்பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாகச் சுற்றிலும் யாரும் இல்லை. எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னது முள்ளைப் பற்றித்தான். இறங்குகிறது, ஆடுகிறது, எப்போது பார்ப்பது என்பது என் கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியின் பெயரை மட்டும் இழுக்கவில்லை.

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"படகுல அந்த முள்ளப் பாக்கறதுக்கு ஒரு ஆளு நிப்பானா?"

"நிப்பான். ஆயில்காரன்."

"எந்தம்பி."

"அவனை மாதிரி ஒருத்தன்."

அவள் ஷெட்டுப் பக்கம் திரும்பினாள். இரண்டு இஞ்சின்களின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"அவங் கண்ணுக்கு அந்த முள்ளு எத்தக் காட்டுமோ அத்தயே நீ எழுது" என்றாள். "எனக்காவ வேற மாதிரி எழுதாத. எழுதிட்டு வந்து என் மூஞ்சிய எப்பிடிப் பாப்ப நீ?"

என்னை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. 'எனக்காவ' என்றும் சொன்னாள். ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் ஒரு தடவைகூட வாய் திறந்து சொல்லாததை அவள் எடுத்து, பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவி, என் எதிரில் வைத்துவிட்டாள். நான் அந்தத் தொட்டி நிழலில் நின்ற நேரத்தை இன்றைக்கும் எந்த நேரத்தோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

திரும்பிப் போய் முள் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் இரண்டையும் எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படியே எழுதினேன். மேஸ்திரி கரும்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். சாயங்காலம் அவரே எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

ஓட்டம் முடிந்ததும் துரை முன்னிலையில் இரண்டு பில்டரையும் திறந்தோம். கம்பெனி பில்டர் கறுத்திருந்தது, ஆனால் மடிப்புகள் நிமிர்ந்து நின்றன. ஷெட்டு பில்டரில் கம்பளி சூடான எண்ணெயில் ஊறித் தொய்ந்து, உள்ளே இருந்த கம்பி வலையோடு ஒட்டிப் போயிருந்தது. பிரிந்த மயிரிழைகள் எண்ணெய் போகும் துளையில் பஞ்சு மாதிரி அடைத்திருந்தன. வாய்த் தையல் மட்டும் ஒரு குத்துக்கூட விடவில்லை. துரை கட்டைவிரலால் அந்தத் தையலை நெம்பிப் பார்த்தார். தையலில் குறை இல்லை, துணியில்தான் குறை, இதைவிட நல்ல துணி யுத்தம் முடிகிறவரை கிடைக்காது என்று சொன்னார். பாதி ஓட்டத்தில் மாற்றினால் இதுவும் போதும் என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கரையில் இருந்தால் மாற்றலாம், சண்டை நடக்கும் இடத்தில் யார் இஞ்சினை நிறுத்தி மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்றார்.

கடலுக்குப் போகும் இஞ்சின்களுக்குக் கம்பெனி பில்டர். தண்ணீர் பம்புக்கும் மின்சாரம் எடுக்கும் இஞ்சினுக்கும், அடுத்த பெட்டிகள் வரும்வரை ஷெட்டு பில்டர். இப்படித் தீர்மானம் ஆயிற்று. அதற்கு அத்தனை பெண்கள் வேண்டியதில்லை. மேஸ்திரி துரையிடம் பேசி, ஆவடியில் கூடாரம் தைக்கும் இடத்தில் சிலரைச் சேர்த்துவிட்டார். அவருடைய அக்காள் மகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அங்கே எல்லாம் மிஷின் வேலை. கையால் தைக்கிறவளுக்கு இடமில்லை.

கடைசி நாள் அவள் ஊசியையும் மெழுகுக் கட்டியையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, எங்கள் ஷெட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். நான் பலகைமேல் ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை விட்டு நகர முடியாது. சத்தத்தில் எதுவும் கேட்காது. அவள் கையை உயர்த்தவில்லை, நானும் உயர்த்தவில்லை. மீட்டர் பக்கம் தாடையைக் காட்டி, எப்படி இருக்கிறது என்பது போலக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். போய்விட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு அந்த ஒர்க் ஷாப் ஒரு இடமாகவே தோன்றவில்லை. இரும்பும் எண்ணெயும் மட்டும் இருந்தன. டப்பாவைத் திறந்து மெழுகுத் தாளைப் பிரித்துப் பில்டரைப் பொருத்துவேன். அது நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. அதை யார் தைத்தார்கள், எந்த ஊரில், அவர்களுக்கும் கடலில் யாராவது இருக்கிறார்களா என்று சில சமயம் யோசிப்பேன். பெரும்பாலும் அதுகூட யோசிக்காமல், அவள் அந்நேரம் எந்த வயலில் குனிந்திருப்பாள் என்றுதான் யோசிப்பேன்.

சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளைக் கட்டிக்கொள்ள ஆசை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"உன் தங்கச்சிய யாரு கட்டுவான்? அத்த மட்டும் சொல்லிட்டு அப்பால உன் இஸ்டம்" என்றார். அதோடு அந்தப் பேச்சைத் தொடவே இல்லை.

நான் அதற்குப் பிறகும் பட்டாபிராமில் வேலை முடிந்து தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். அவள் புல்லுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்தாள். நான் இந்தத் தடவை இஞ்சினைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாம், வீட்டில் ஒப்புக்கொள்ளாவிட்டால் பட்டணத்தில் போய் இருக்கலாம், எனக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டாள். முகத்தில் இருந்த வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க ஊட்டுக்கு நான் எந்தப் பக்கமா உள்ள வர்றது?" என்றாள்.

"நம்ம அந்த வீட்டுக்கே போக வேணாம்னுதான் சொல்றேன்."

"இன்னிக்கு வேணாம்னு சொல்லுவ. உங்கம்மா நோவுன்னு படுத்துட்டா போவாம இருப்பியா? நீ உள்ளாற போவ. நான் தெருக்கோடில நிப்பேன். நின்னுகினு, நீ எப்ப வருவன்னு பாத்துகினு இருப்பேன். அப்ப உனக்கு என்னப் பாக்கவும் புடிக்காது, உங்க ஊட்டப் பாக்கவும் புடிக்காது."

"அப்பிடி ஆகாது."

"ஆவாதுன்னு உனக்குத் தோணுது. ஏன்னா நீ ஒருநாளும் தெருக்கோடில நின்னதில்ல." அவள் குரலில் கோபம் இல்லை. "எனக்கு ஆச இல்லன்னு நென்ச்சிடாத. அத்த நான் சொல்லாம உட்டா அது பொய்யி."

புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கித் தலையில் வைத்தேன். அவளைத் தொட்டதில்லை, அப்போதும் தொடவில்லை, கட்டின் அடியில் அவள் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி என் விரல்கள் இருந்தன. வரப்பில் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை நாற்றுக்கு நடுவில் கட்டு மட்டும் ஆடிக்கொண்டு போயிற்று.

யுத்தம் முடிந்ததும் அவள் தம்பி உயிரோடு திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய படகில் எந்த பில்டர் இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பட்டாளத்தில் அவனோடு இருந்த ஒருவனுக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. நல்லவன் என்று சொல்லி அக்காவை அவனுக்கே கட்டிவைத்தான். பட்டாபிராம் ஸ்டேஷனில் ரயிலேறிப் போனார்கள் என்று மேஸ்திரிதான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லா கீதாம் பொண்ணு" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஷெட்டைக் கலைத்தார்கள். தகரத்தை ஏலம் போட்டார்கள். நான் மறுபடி பூந்தமல்லி மில்லுக்கே போனேன். தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்கும் பெண் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த வருடத்தில்தான் ஒரு நாள் மில்லில் இஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்கப் பட்டணம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மேற்கே போகிற வண்டியில் ஏறினேன். கோலாருக்குப் போவதாக எண்ணம். போய் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. சுரங்கத்துக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஏதோ ஒரு வாசலில் அவள் உட்கார்ந்திருப்பாள், தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று இருந்தது. பட்டாபிராம் வந்தபோது வண்டி நிற்காமல் கடந்தது. நான் ஜன்னலில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய வரப்பு தெரிகிறதா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் கோலார் பக்கம் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் எனக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். அந்தப் பெண் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவ்வளவு நேரம் நின்ற களைப்பு போய், அவள் முகம் தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நல்லா கீதாம் பொண்ணு' என்று மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது.

வண்டி வந்தது. அந்த மனிதர் ஒரு கையில் குழந்தையோடு டிரங்குப் பெட்டியைத் தூக்கத் திணறினார். நான் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தேன்.

"நீங்களும் ஏறுங்க, எடம் இருக்கு" என்றார் அவர்.

"இல்லீங்க, நான் பட்டணம் போறவன்" என்றேன்.

வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டியும் வளைவில் மறைகிற வரைக்கும் நின்றேன். பிறகு படி ஏறி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்து, ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, சென்னை வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன்.